தினமும் தலைவலி: எத்தனை பேருக்கு, யாருக்கு, ஏன்?

தலைவலி வராத வீடு கிடையாது. அதனாலேயே அதைப் பற்றி எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கிறது. தினமும் தலை வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் ஒருவர் பித்தம் என்பார், ஒருவர் சைனஸ் என்பார், இன்னொருவர் கண்ணாடியின் பவரைப் பார்க்கச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த யாருக்கோ மூளையில் கட்டி இருந்த கதையைச் சொல்லி வயிற்றில் புளியைக் கரைப்பார். வீட்டிலேயே ஒருவர், வேலையிலிருந்து தப்பிக்க இது ஒரு சாக்கு என்று நினைத்துக்கொள்ளவும் கூடும்.

இத்தனை பேர் பேசியும் அடிப்படையான கேள்விகள் அப்படியே நின்றுவிடுகின்றன. மாதத்தில் பாதி நாள் தலைவலியோடு கழிக்கிறவர்கள் எத்தனை பேர்? அவர்கள் யார்? எப்போதாவது வந்துகொண்டிருந்த வலி எப்படி அன்றாட வலியாகிறது? இவற்றுக்கு மருத்துவ ஆய்வுகளில் ஓரளவு தெளிவான விடைகள் இருக்கின்றன. அவை நரம்பியல் மருத்துவர்களின் மேசையோடு நின்றுவிடக் கூடாது. ஏனென்றால் இந்த நிலைக்கு வராமல் தடுப்பதும் வந்தபின் மீள்வதும் பெரும்பாலும் நோயாளிக்கு விஷயம் தெரிந்திருப்பதைப் பொறுத்தே இருக்கின்றன.

15 நாள் என்ற கோடு

மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால், அதை நாட்பட்ட தினசரித் தலைவலி என்கிறார்கள். தினமும் வந்தாக வேண்டும் என்பதில்லை. பாதி நாள் வந்தாலே போதும்.

இந்த இலக்கணத்தில் வலி எவ்வளவு கடுமையானது என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு முறை, அறையை இருட்டாக்கிப் படுத்து, வாந்தியெடுத்துத் துடிக்கிற ஒருவர் இதில் சேரமாட்டார். மாதத்தில் 20 நாள் தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியதுபோல் மந்தமாக வலிக்க, அதோடு சமைத்து, பஸ் பிடித்து, அலுவலகம் போய்வருகிறவர் இதில் சேருவார். இரண்டாமவரின் வலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பல சமயம் அவரே எடுத்துக்கொள்வதில்லை. அந்த அலட்சியத்தில்தான் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இன்னொன்று: இது ஒரு தனி நோய் இல்லை. சர்வதேசத் தலைவலிச் சங்கம் 1988இல் தலைவலிகளுக்கு ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2018இல் வந்தது. அதில் நாட்பட்ட தினசரித் தலைவலி என்று தனியாக ஒரு நோய் கிடையாது. வலி அடிக்கடி வருகிறது என்பதை மட்டுமே அந்தச் சொல் சொல்கிறது. ஆகவே ஒரு மருத்துவர் சீட்டில் இப்படி எழுதியதோடு நிறுத்திவிட்டால் அவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். எந்த வகை என்பதையும் அவர் சொல்ல வேண்டும்.

எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஒரு குறிப்பிட்ட காலத்தில் மக்கள்தொகையில் எவ்வளவு பங்கினருக்கு ஒரு நோய் இருக்கிறது என்பதைப் பரவல் என்பார்கள். இதை மருத்துவமனைக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் கடுமையான வலி உள்ளவர்கள், வந்துபோக வசதி உள்ளவர்கள், அல்லது பயந்துபோனவர்கள். ஊரில் வீடுவீடாகவோ தொலைபேசியிலோ கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

அப்படி எடுத்த பெரிய கணக்குகளில் ஒன்று அமெரிக்காவின் பால்டிமோர் வட்டாரத்தில் நடந்தது. 18 முதல் 65 வயது வரையிலான 13,343 பேரிடம் தொலைபேசியில் கேட்டு, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு 180 முறைக்கு மேல் தலைவலி வருகிறவர்கள் 4.1 சதவீதம். பெண்களில் 5 சதவீதம், ஆண்களில் 2.8 சதவீதம். அடுத்த சில ஆண்டுகளில் ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வு 4.7 என்றும், தைவானின் தைபேயில் நடந்த ஆய்வு 3.2 என்றும் சொன்னது. மொழியும் சாப்பாடும் பருவநிலையும் வேறு வேறாக இருக்கும் நாடுகளில் இந்த எண்கள் இவ்வளவு அருகருகே நிற்பதைப் பார்க்கும்போது, ஊர்த் தண்ணீரையோ உணவையோ மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பது புரிகிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான ஓர் அலசல், மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி உள்ளவர்கள் 4.6 சதவீதம் என்று மதிப்பிட்டது.

நமக்கு மிக அருகில் நடந்த நல்ல ஆய்வு கர்நாடகத்தினுடையது. பெங்களூரு நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் 18 முதல் 65 வயது வரையிலான 2,329 பேரை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். கடந்த ஓர் ஆண்டில் ஏதேனும் ஒரு தலைவலி வந்ததாகச் சொன்னவர்கள் 63.9 சதவீதம். மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி நான்கில் ஒருவருக்கு இருந்தது. மாதத்துக்கு 15 நாளுக்குக் குறையாமல் வலி உள்ளவர்கள் 3 சதவீதம்.

3 சதவீதம் என்பது காதில் சின்னதாக விழும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 7.21 கோடிப் பேர். அதில் அந்த வயது வரம்புக்குள் வருகிறவர்கள் 4.5 கோடி என்று தோராயமாக வைத்துக்கொண்டு, கர்நாடக விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால் 13 லட்சத்துக்கு மேல் வருகிறது. இது ஒரு மனக்கணக்குதான். என்றாலும் பிரச்சினையின் அளவை உணர இது உதவும். நூறு பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில் மூன்று பேர், நாற்பது வீடு உள்ள ஒரு தெருவில் மூன்று நான்கு பேர் என்ற கணக்கு. இவர்களில் பெரும்பாலோர் இதை யாரிடமும் சொல்லாமலே காலம் தள்ளுகிறார்கள்.

சுருக்கமாக: பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இந்த வகையில் வருகிறார்கள். உலகின் பல பகுதிகளிலும் இதே அளவுதான். வலியின் கடுமையை விட்டுவிட்டு, வலி வரும் நாள்களை மட்டுமே எண்ணிக் கிடைத்த கணக்கு இது.

உள்ளே இருக்கும் வகைகள்

வேறொரு நோயின் விளைவாக வரும் வலியை இரண்டாம் நிலைத் தலைவலி என்றும், தலைவலியே நோயாக இருப்பதை முதன்மைத் தலைவலி என்றும் பிரிப்பார்கள். கட்டி, காய்ச்சல், மூளைக்குள் அழுத்தம் கூடுவது போன்றவை இரண்டாம் நிலைத் தலைவலியின் காரணங்கள். தினமும் தலை வலிக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது முதன்மைத் தலைவலிதான்.

அவற்றில் ஊரில் அதிகம் காணப்படுவது நாட்பட்ட இறுக்கத் தலைவலி. தலையின் இரு பக்கமும் அழுத்துவது போன்ற வலி, வாந்தி இருக்காது, நடந்தாலும் படி ஏறினாலும் கூடாது. அடுத்தது நாட்பட்ட மைக்ரேன். மாதத்துக்கு 15 நாளுக்குக் குறையாத தலைவலி, அதில் குறைந்தது 8 நாளாவது மைக்ரேனின் அடையாளங்களோடு இருக்க வேண்டும்: துடிப்பது, ஒரு பக்கமாக வலிப்பது, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை போன்றவை. பால்டிமோர் கணக்கில் முதல் வகை 2.2 சதவீதம், இரண்டாவது 1.3 சதவீதம். மருத்துவமனையில் இந்த வரிசை தலைகீழாகிவிடும். மைக்ரேன்காரர்களால் வலியோடு வேலை செய்ய முடியாது என்பதால் அவர்களே அதிகம் வருகிறார்கள்.

இவை தவிர அரிதான இரண்டு உண்டு. ஒன்று, குறிப்பிட்ட ஒரு நாளில் தொடங்கி அன்றிலிருந்து நிற்காமல் தொடர்வது. அது தொடங்கிய நாளை நோயாளிகள் தெளிவாக நினைவு வைத்திருப்பார்கள். சிலருக்கு ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இது தொடங்கியிருக்கும். இன்னொன்று, ஒரே பக்கத்தில் இடைவிடாமல் இருக்கும் வலி. வலி கூடும்போது அந்தப் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும். இண்டோமெத்தசின் என்ற மருந்துக்கு இது முழுமையாக அடங்கும் என்பதே இதன் அடையாளம். ஆகவே அரிது என்றாலும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வகை.

சைனஸ் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தங்களுக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று நம்பி வந்த 2,991 பேரை ஆராய்ந்து 2004இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேனிலும் மூக்கடைப்பும் கண்ணில் நீரும் வரும், கன்னமும் நெற்றியும் கனக்கும் என்பதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். ஆண்டுக்கணக்கில் ஆவி பிடித்தும் மூக்கில் சொட்டு மருந்து விட்டும் தீராத தலைவலி என்றால், அது சைனஸ்தானா என்று மறுபடி கேட்டுப் பார்ப்பது நல்லது.

எப்போதாவது வந்த வலி எப்படி அன்றாடமாகிறது?

வீட்டு வாசலில் ஒரு காவல் நாய் இருக்கிறது. புதியவர் வந்தால் குரைக்கும், போனதும் அடங்கும். ஒருமுறை அந்தத் தெருவில் அடுத்தடுத்துப் பல இரவுகள் திருடர் நடமாட்டம் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாய் சரியாகத் தூங்காமல் விழித்தே கிடக்கும். அதன்பின் திருடர்கள் வராமல் போனாலும், தென்னை மட்டை விழுந்தால் குரைக்கும், பால்காரர் வந்தால் குரைக்கும், காற்றில் கேட் ஆடினாலும் குரைக்கும். நாய்க்கு நோய் எதுவும் வரவில்லை. அதன் எச்சரிக்கை அளவு மாறிவிட்டது.

தலைக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் அறுவைச் சிகிச்சை செய்ய முடிவது அதனால்தான். வலியை உணர்கிறவை மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளும் அங்குள்ள ரத்தக் குழாய்களும். அங்கிருந்து செய்தியைக் கொண்டுவருவது முக்கிளை நரம்பு. முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்வைத் தருவதும் அதுவே. இந்த நரம்பின் நுனிகள் தூண்டப்படும்போது சிஜிஆர்பி என்ற சிறு புரதத்தை வெளியிடுகின்றன. அது ரத்தக் குழாய்களை விரிவாக்கி, வலிச் செய்தியை வலுப்படுத்துகிறது. செய்தி மூளைத்தண்டில் உள்ள ஒரு நரம்பணுத் தொகுதிக்குப் போய், அங்கிருந்து மேலே செல்கிறது. கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் அதே தொகுதியில்தான் வந்து சேருகின்றன. மைக்ரேன்காரர்களுக்குப் பிடரியும் கழுத்தும் இறுகி வலிப்பது இதனால்தான். பலர் இதைக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று எண்ணிப் பட்டை போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

செய்தி எப்போதாவது வந்தால் அந்த நரம்பணுக்கள் அதை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்று வந்துகொண்டே இருந்தால், சிறிய தூண்டுதலுக்கும் பெரிதாக எதிர்வினை காட்டத் தொடங்குகின்றன. இந்த மாற்றத்துக்கு மைய உணர்கூர்மை என்று பெயர். மூளைக்கு வலியைத் தணிக்கும் ஓர் ஏற்பாடும் உண்டு. மூளைத்தண்டிலிருந்து கீழ்நோக்கி, போதும் அடங்கு என்ற கட்டளை போகும். வலி நாட்பட்டவர்களிடம் அந்தக் கட்டளையும் பலவீனமாகிவிடுகிறது. இரண்டும் சேரும்போது ஒரு வேளை தூக்கம் கெட்டால் வலி, ஒரு வேளை சாப்பாடு தள்ளினால் வலி, வெயிலில் பஸ் நிறுத்தம் வரை நடந்தால் வலி என்றாகிறது.

இதை நோயாளியே கண்டுகொள்ளலாம். வலியின்போது தலை வாரினால் வலிக்கிறதா? கொண்டை போட்டாலோ, பூ வைத்து ஹேர்பின் குத்தினாலோ பொறுக்க முடியவில்லையா? தலையணையில் பட்ட பக்கம் எரிகிறதா? வலிக்கக் கூடாதவை வலிப்பது மைய உணர்கூர்மையின் அடையாளம். இது இருப்பவர்களுக்கு வலி நாட்பட்டதாக மாறும் வாய்ப்பும் அதிகம்.

இதுவரை சொன்னதன் சாரம்: பெரும்பாலோருக்குத் தினசரித் தலைவலி, எப்போதாவது வந்த தலைவலியிலிருந்து படிப்படியாக வளர்கிறது. வலியை உணரும் அமைப்பின் எச்சரிக்கை அளவு மாறிவிடுவதே அடிப்படை. ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது. அதற்காக வலி பொய்யாகிவிடாது.

யாருக்கு வருகிறது?

பெண்களுக்கு அதிகம் வருகிறது. சிறுவயதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மைக்ரேன் ஏறத்தாழச் சமமாக இருக்கிறது. பூப்பெய்தியபின் பெண்களிடம் இரண்டு மூன்று மடங்காக உயர்கிறது. மாதவிலக்குக்கு முன் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சட்டென்று இறங்குவது ஒரு முக்கியக் காரணம். மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஹார்மோன் ஏறி இறங்கித் தள்ளாடும்போது பலருக்கு வலி நாள்கள் கூடுகின்றன. முற்றிலும் நின்றபின் பலருக்குக் குறைகின்றன. அதனால் நாற்பதுகளில் உள்ள பெண்களிடம் இந்தத் தொல்லை மிகுதி. அதே வயதில்தான் பிள்ளைகளின் தேர்வும், வயதான பெற்றோரின் கவனிப்பும், வேலையும் ஒருசேரத் தலைமேல் நிற்கின்றன. உயிரியலை மட்டும் பேசி அந்தச் சுமையைப் பேசாமல் விடுவது சரியில்லை.

அடுத்து, ஏற்கெனவே அடிக்கடித் தலைவலி வருகிறவர்கள். பால்டிமோர் போலவே பொதுமக்களிடையே நடந்த ஒரு தொடர் ஆய்வில், எப்போதாவது தலைவலி உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் ஓர் ஆண்டில் தினசரி வலிக்கு நகர்ந்தார்கள். மாதத்துக்கு ஒரு முறை வலிக்கிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. வாரத்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டியதும் ஏறத் தொடங்குகிறது. மாதத்துக்கு நான்கு நாள் இருந்தது எட்டாகி, பத்து ஆவதைக் கவனிக்க வேண்டிய கட்டம் அதுதான். பதினைந்தைத் தொட்டபின் மருத்துவரைத் தேடுவதைவிட, எட்டில் இருக்கும்போதே தேடுவது எவ்வளவோ மேல்.

அதே ஆய்வில் உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து சுமார் ஐந்து மடங்கு இருந்தது. கொழுப்புத் திசு உடலில் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது என்பது ஒரு விளக்கம். பருமனோடு குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் சேர்ந்து வரும். இரவு முழுக்கப் பலமாகக் குறட்டை விட்டு, காலையில் தலை கனத்து எழுந்து, சில மணி நேரத்தில் அந்த வலி தானாக அடங்குகிறவருக்குத் தலைவலி மாத்திரையைவிடத் தூக்கப் பரிசோதனை முக்கியம். இதில் ஆண்களும் நிறைய.

மனச்சோர்வும் பதற்றமும் தினசரித் தலைவலியோடு கூடவே நடக்கின்றன. எது முதலில் வந்தது என்று பிரிப்பது கடினம். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. தலையிலோ கழுத்திலோ பட்ட அடி, துணையை இழப்பது, மணமுறிவு, வீடு மாற்றம் போன்ற பெரிய நிகழ்வுகளுக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வலி நாட்பட்டதாக மாறுவதும் ஆய்வுகளில் காணப்படுகிறது. படிப்பும் வருமானமும் குறைந்தவர்களிடம் பரவல் கூடுதல். மன அழுத்தம், கெட்ட தூக்கம், நல்ல மருத்துவம் எட்டாமை எல்லாம் அங்கே ஒன்று சேர்வதால் எனக்கு இதில் வியப்பில்லை.

பள்ளிப் பிள்ளைகளும் விதிவிலக்கு இல்லை. 12 முதல் 14 வயது வரையிலான மாணவர்களிடம் தைவானில் எடுத்த கணக்கில் 1.5 சதவீதம் பேருக்குத் தினசரித் தலைவலி இருந்தது. கணக்குப் பரீட்சை அன்று மட்டும் வரும் வலியும் வாரத்துக்கு நான்கு நாள் வரும் வலியும் ஒன்றில்லை. பிள்ளை நடிக்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன் நாள்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காபியைப் பற்றிச் சொல்லாமல் தமிழில் தலைவலியைப் பற்றி எழுத முடியாது. நாளுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் காபீன் உள்ளே போவது வழக்கமாகிவிட்டால், அதைத் தவறவிட்ட ஒரு நாளைக்குள் தலைவலி வந்துவிடும். காபி குடித்ததும் போய்விடும். முழுக்க நிறுத்தினால் ஒரு வாரத்தில் தீரும். காலையில் ஒரு டம்ளர் டிகாக்ஷன் காபி எவருக்கும் பெரிய தீங்கு செய்யாது. தலைவலிக்கு மருந்தாக நினைத்து நாளுக்கு ஐந்தாறு முறை குடிப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

மாத்திரையே வலியாகும்போது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். வலி நிவாரண மாத்திரையை அளவுக்கு மிஞ்சிய நாள்களில் போட்டுக்கொள்வதாலேயே தலைவலி அடிக்கடி வரத் தொடங்குவதை மருந்து மிகைத் தலைவலி என்கிறார்கள். இங்கேயும் கணக்கு நாள்களில்தான். பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற தனி மருந்துகளை மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் ஆபத்து. காபீன் முதலியவற்றோடு கலந்த கூட்டு மாத்திரைகள், மைக்ரேனுக்குத் தரும் எர்கோட்டமின், டிரிப்டான் வகை மருந்துகள், டிரமடால் போன்ற ஓபியாய்டுகள் (அபின் வகை வலி மருந்துகள்) என்றால் மாதத்துக்கு 10 நாளே போதும். கடையில் மருத்துவர் சீட்டு கேட்காமல் கொடுக்கும் தலைவலி மாத்திரைகள் பல கூட்டு மாத்திரைகள். அட்டையின் பின்புறத்தில் எத்தனை மருந்துகளின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

வலி வருகிறது, மாத்திரை போடுகிறோம், அடங்குகிறது. மருந்தின் வேகம் குறையும்போது வலி திரும்புகிறது, மறுபடி மாத்திரை. வலியைத் தணிக்கும் மூளையின் சொந்த ஏற்பாடு இதற்குள் மந்தமாகிவிடுகிறது. சில மாதங்களில் காலை எழும்போதே வலி இருக்கிறது. வரப்போகிறதே என்ற பயத்தில் வருமுன்பே மாத்திரை போகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, மூட்டுவலிக்காகத் தினமும் வலி மாத்திரை போடுகிறவர்களுக்கு, அவர்களிடம் முன்பே தலைவலி நோய் இல்லையென்றால், இந்தத் தலைவலி வருவதில்லை. மைக்ரேன் போன்ற நோய் உள்ளவர்களின் மூளையில்தான் மாத்திரை இப்படி வேலை செய்கிறது. எனவே இதை வெறும் கெட்ட பழக்கம் என்று திட்டுவது தவறு. வலியோடு வேலைக்குப் போயாக வேண்டியவர், தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பின்பற்றி வந்து சேர்ந்த இடம் அது.

கர்நாடக ஆய்வில் இந்த வகையாக இருக்கக்கூடியவர்கள் 1.2 சதவீதம், ஆண்களைவிடப் பெண்களில் ஐந்து மடங்கு, நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். மருத்துவர் தொலைவில், மாத்திரையோ பெட்டிக்கடையில்கூட உதிரியாகக் கையருகில். அந்த எண்ணைப் படிக்கும்போது, வயல் வேலையோ பீடி சுற்றும் வேலையோ முடிந்து வந்து, முந்தானையில் முடிந்துவைத்த மாத்திரையை விழுங்கிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கும் பெண்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நிறுத்தினால் பலருக்குச் சரியாகிறது. முதலில் சில நாள்கள், பெரும்பாலும் 2 முதல் 10 நாள் வரை, வலி கூடும். குமட்டலும் தூக்கமின்மையும் வரலாம். இது தெரியாததால்தான் தாங்களாக நிறுத்தியவர்கள் மூன்றாம் நாளே மாத்திரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஓபியாய்டுகளையும் தூக்க மாத்திரை கலந்தவற்றையும் சட்டென்று நிறுத்தவே கூடாது. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஒருமுறை வந்தால் ஆயுள் முழுக்கவா?

இல்லை. முன்பு சொன்ன தொடர் ஆய்விலேயே, தினசரித் தலைவலி உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஓர் ஆண்டில் 180 நாள் என்ற கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தார்கள். வாரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற அளவுக்கு நன்றாகத் தேறியவர்கள் 14 சதவீதம். நாட்பட்ட மைக்ரேன் உள்ளவர்களை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், நான்கில் ஒருவர் மாதத்துக்கு 10 நாளுக்கும் குறைவான நிலைக்கு வந்தார். மூன்றில் ஒருவர் அப்படியே இருந்தார். ஒரே ஊரில் ஆண்டுதோறும் 4 சதவீதம் என்று எண் மாறாமல் நின்றாலும், அதற்குள் இருக்கும் ஆள்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

உடனே பார்க்க வேண்டியவை

பெரும்பாலான தினசரித் தலைவலி ஆபத்தில்லாதது என்று சொல்வதோடு, ஆபத்தானவை எவை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும், வாழ்நாளில் கண்டிராத வலி என்றால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு, பார்வை மங்கல் சேர்ந்து வந்தாலும் அப்படியே. காய்ச்சலும் எடை குறைவும் வாரக்கணக்கில் தலைவலியோடு இருந்தால் காசநோய் மூளையுறையைத் தாக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. பிரசவமான சில வாரங்களில் புதிதாக வரும் கடும் தலைவலி, மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். பச்சை உடம்பு, காற்றுப் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. பருமனான இளம் பெண்ணுக்குக் குனியும்போது கண் இருட்டினால் மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கக்கூடும். கண்ணின் பின்புறத்தைப் பார்த்தாலே பல நேரம் தெரிந்துவிடும். 50 வயதுக்குப் பிறகு முதல்முறையாகத் தொடங்கும் தலைவலியோடு மெல்லும்போது தாடை வலித்தால், நெற்றிப்பொட்டு ரத்தக் குழாயின் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை போகும்.

மருத்துவரிடம் போகும்போது

மாதக் காலண்டர் ஒன்றில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டு போவது நல்லது: வலித்த நாள், அன்று வேலை செய்ய முடிந்ததா, என்ன மாத்திரை எத்தனை. மாதவிலக்கு நாள்களையும் சேர்த்தால் இன்னும் தெளிவு. அடிக்கடி வலிக்கிறது என்ற சொல்லைவிட, போன மாதம் 18 நாள் வலித்தது, 14 நாள் மாத்திரை போட்டேன் என்ற தகவல் மருத்துவரை வகைக்கும் சிகிச்சைக்கும் நேராகக் கொண்டுபோகும்.

வலி வந்தபின் போடும் மருந்து ஒன்று. வராமல் தடுக்க நாள்தோறும் எடுப்பது வேறு. இரண்டாவது வகையை முன்தடுப்பு மருந்து என்பார்கள். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட் ஆகியவை நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. ஒன்று ரத்த அழுத்தத்துக்கும், ஒன்று மனச்சோர்வுக்கும், ஒன்று வலிப்புக்கும் தரப்படுவது என்பதால், மருந்துச் சீட்டைப் பார்த்து எனக்கு அந்த நோய் இல்லையே என்று பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இங்கே குறைந்த அளவில், வேறு காரணத்துக்காகத் தரப்படுகின்றன. நாட்பட்ட மைக்ரேனுக்குத் தலையிலும் கழுத்திலும் போடும் போட்டுலினம் ஊசியும், 2018 முதல் சிஜிஆர்பியைத் தடுக்கும் ஊசிகளும் வந்திருக்கின்றன; விலைதான் இன்னும் பலருக்கு எட்டவில்லை.

முன்தடுப்பு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று மருத்துவரை மாற்றினால் எந்த மருந்துக்கும் வாய்ப்பே கிடைக்காது. அதுவரை காலண்டரில் குறிப்பதைத் தொடர வேண்டும். வலி ஒரேயடியாக மறையாது. 20 நாள் 15 ஆகி, 15 நாள் 9 ஆகும். நாள்களில் பாதி குறைந்தாலே சிகிச்சை வெற்றி என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது சிகிச்சையை விட்டுவிடாமல், இன்னும் சில மாதங்கள் தொடர்ந்தபின் மருத்துவரே மருந்தை மெல்லக் குறைப்பார்.